வேலையிடத்தில் உயிர் போனால் குடும்பம் இழப்பீடு வாங்குவது எப்படி: பிணவறை வாசலில் தொடங்கி வங்கிக் கணக்கு வரை

வேலை செய்யும் இடத்தில் ஒருவர் விபத்தில் இறந்தால் அவருடைய குடும்பத்துக்கு இழப்பீடு தரவேண்டியது முதலாளியின் சட்டக் கடமை. முதலாளி மேல் தப்பு இருந்தது என்று யாரும் நிரூபிக்க வேண்டியதில்லை. வேலையின் காரணமாக, வேலையின்போது விபத்து நடந்தது, அதனால் உயிர் போனது என்று காட்டினால் போதும்.

சட்டம் இவ்வளவு தெளிவாக இருந்தும், வரவேண்டியதில் பாதிகூட வராமல் போன குடும்பங்களைப் பார்த்திருக்கிறேன். கோவை, திருப்பூர் பக்கம் தொழிற்சங்க அலுவலகத்தில் உட்கார்ந்து பல ஆண்டுகளாக இந்த மனுக்களை எழுதிக் கொடுத்து வருகிறேன். பெரும்பாலான குடும்பங்கள் வழக்கில் தோற்றுப் பணத்தை இழக்கவில்லை. முதல் பத்து நாளில் செய்ய வேண்டியதை முன்பின் மாற்றிச் செய்து இழந்தார்கள். அதனால் எதை எப்போது செய்ய வேண்டும் என்பதை வரிசையாகவே எழுதுகிறேன்.

1. பிணவறை வாசலில் எதிலும் கையெழுத்துப் போடாதீர்கள்

ஜி.எச். பிணவறை வாசலில் நடப்பது அநேகமாக ஒரே மாதிரிதான். உடல் உள்ளே இருக்கும். காண்ட்ராக்டரின் ஆள் ஒருவர், ஊர்ப் பெரியவர் ஒருவரையும் கூட்டிக்கொண்டு வருவார். கையில் முத்திரைத்தாள் இருக்கும். "ஆம்புலன்ஸ் செலவு, காரியச் செலவு எல்லாம் நாங்களே பார்த்துக்கறோம், இரண்டு லட்சம் தர்றோம், இதில் ஒரு கையெழுத்து மட்டும் போடுங்கம்மா" என்பார். இனி எந்த உரிமையும் கோரமாட்டேன் என்று அந்தத் தாளில் எழுதியிருக்கும்.

கையெழுத்துப் போட வேண்டாம். ஏற்கெனவே போட்டுவிட்டாலும் பயப்பட வேண்டாம். இழப்பீட்டு உரிமையை விட்டுக்கொடுப்பதாக எழுதும் ஒப்பந்தம் செல்லாது என்று சட்டமே சொல்கிறது. மரண வழக்கில் முதலாளி இழப்பீட்டை நேரடியாகக் குடும்பத்தின் கையில் கொடுத்தால், அது இழப்பீடு கொடுத்ததாகவே கணக்கில் வராது. இந்த வழக்குகளை விசாரிக்கும் ஊழியர் இழப்பீட்டு ஆணையரிடம் கட்டினால்தான் கொடுத்ததாக அர்த்தம். இதற்கு ஒரே விதிவிலக்கு முன்பணம். இறந்தவரின் மூன்று மாதச் சம்பளம் வரை முதலாளி முன்பணமாகக் கொடுக்கலாம், அது பிறகு இழப்பீட்டில் கழியும்.

காரியச் செலவுக்குப் பணம் தேவைப்பட்டால் வாங்கிக்கொள்ளுங்கள், அதில் தப்பில்லை. ரசீது கேட்டால் "முன்பணமாகப் பெற்றுக்கொண்டேன்" என்று எழுதி, தொகையையும் தேதியையும் மட்டும் போட்டுக் கையெழுத்திடுங்கள். "முழுவதும் பைசல்" என்ற சொல் அதில் இருக்கவே கூடாது. செல்லாத தாள்தான் என்றாலும், பின்னால் விசாரணையில் அதையே காட்டி ஆறு மாதம் இழுப்பார்கள்.

2. போலீஸ் புகாரில் "வேலை" என்ற சொல் வரவேண்டும்

இங்கே நடக்கிற பிழைதான் எல்லாவற்றிலும் பெரியது. புகாரை எழுதுபவர் பெரும்பாலும் காண்ட்ராக்டரின் ஆளாகவே இருப்பார். "மாடியிலிருந்து தவறி விழுந்து இறந்துவிட்டார்" என்று எழுதிவிடுவார். யாருடைய மாடி, அங்கே அவர் ஏன் இருந்தார், யார் வேலைக்கு வைத்தது என்று ஒரு வரியும் இருக்காது. இரண்டு வருடம் கழித்து, "அவர் எங்களிடம் வேலையே செய்யவில்லை, சும்மா பார்க்க வந்தவர்" என்று எதிர்மனு வரும்.

குடும்பத்தில் ஒருவரே புகார் கொடுங்கள். இந்த ஐந்தும் அதில் இருக்க வேண்டும்: இறந்தவர் யாரிடம் வேலை செய்தார், எத்தனை நாளாகச் செய்தார், சம்பளம் எவ்வளவு, விபத்தின்போது என்ன வேலை செய்துகொண்டிருந்தார், கூட இருந்தவர்கள் யார். எழுதும் விதம் இப்படி இருந்தால் போதும்: "என் கணவர் இன்ன காண்ட்ராக்டரிடம் எட்டு மாதமாகச் சென்டரிங் வேலை செய்துவந்தார். நாள் கூலி 800 ரூபாய். இன்று காலை சுமார் 11 மணிக்கு இன்ன சைட்டில் மூன்றாவது மாடியில் பலகை பிரிக்கும்போது கீழே விழுந்து இறந்துவிட்டார்."

எஃப்.ஐ.ஆர். நகல் புகார் கொடுத்தவருக்கு இலவசமாகத் தரப்பட வேண்டும். கேட்டு வாங்குங்கள். புகாரை வாங்கிக்கொண்டு சி.எஸ்.ஆர். ரசீது (புகார் வந்ததற்கான ஒப்புகைச் சீட்டு) மட்டும் கொடுத்தால் அதைப் பத்திரமாக வைத்துக்கொண்டு, எஃப்.ஐ.ஆர். பதிவாகும்வரை விடாமல் கேளுங்கள். பிரேத பரிசோதனை வேண்டாம் என்று எழுதிக் கொடுத்து உடலை வாங்கும் யோசனையை யார் சொன்னாலும் கேட்காதீர்கள். மரணத்துக்கு விபத்துதான் காரணம் என்று சொல்லும் முதல் ஆவணம் அந்த அறிக்கைதான். வேலை நேரத்தில் நெஞ்சு வலித்து இறந்தவர்களுக்கு அது இன்னும் முக்கியம்.

தொழிற்சாலை என்றால் தொழிலகப் பாதுகாப்பு மற்றும் சுகாதார இயக்ககத்தின் ஆய்வாளரும் வருவார். அவருடைய அறிக்கை பின்னால் பெரிய துணை. வந்து பார்த்தாரா என்று விசாரித்துக்கொள்ளுங்கள்.

3. எந்தக் கதவைத் தட்டுவது என்பதை முதலில் முடிவு செய்யுங்கள்

மூன்று கதவுகள் இருக்கின்றன. தப்பான கதவைத் தட்டினால் சரியான கதவு மூடிவிடும். மனு எழுதும் முன்பே இதை முடிவு செய்யச் சொல்வது அதனால்தான்.

முதல் கதவு இ.எஸ்.ஐ., அதாவது தொழிலாளர் அரசுக் காப்பீட்டுத் திட்டம். சம்பளச் சீட்டில் இ.எஸ்.ஐ. பிடித்தம் இருந்தால், பொதுவாக முதலாளியிடம் இழப்பீடு கேட்டு மனுப் போட முடியாது. அதற்குப் பதில் இ.எஸ்.ஐ. நிறுவனம் மாதாமாதம் சார்ந்தோர் உதவித்தொகை தரும். அது சம்பளத்தில் 90 சதவீதக் கணக்கு. அதில் ஐந்தில் மூன்று பங்கு மனைவிக்கு, ஐந்தில் இரண்டு பங்கு ஒவ்வொரு குழந்தைக்கும். கூட்டினால் முழு அளவைத் தாண்டும்போது எல்லோருக்கும் விகிதப்படி குறையும். மனைவிக்கு ஆயுள் முழுக்க, அல்லது மறுமணம் செய்துகொள்ளும்வரை வரும் பணம் இது. "ஒரே தடவை பெரிய தொகை கிடைக்காதா" என்று வருத்தப்படுகிறார்கள். சின்ன வயதில் கணவனை இழந்த பெண்ணுக்கு மாதாமாதம் வரும் இந்தப் பணம்தான் மேல் என்பது என் கருத்து.

இ.எஸ்.ஐ. இருந்ததா என்று தெரியாவிட்டால் ஊகிக்காதீர்கள். பக்கத்து இ.எஸ்.ஐ. கிளை அலுவலகத்தில் எழுத்து மூலம் கேளுங்கள். தகுதி இருந்தும் முதலாளி பெயரைச் சேர்க்காமல் விட்டிருந்தால் அதையும் அந்தக் கடிதத்தில் எழுதுங்கள்.

இரண்டாவது கதவு மோட்டார் விபத்துத் தீர்ப்பாயம். ஓட்டுநர், கிளீனர், டெலிவரி செய்பவர் போன்றவர்கள் சாலையில் இறந்தால் இங்கேயும் போகலாம், ஆணையரிடமும் போகலாம். ஆனால் ஏதாவது ஒன்றுதான். எதிரே வந்த வண்டி மேல் தப்பு என்றால் தீர்ப்பாயத்தில் கூடுதலாகக் கிடைக்க வாய்ப்பு உண்டு, அங்கே சம்பளத்துக்கு உச்சவரம்பு இல்லை. ஓட்டுநர் தானே தடுப்பில் மோதி இறந்திருந்தால் தீர்ப்பாயத்தில் நிற்பது கடினம். அப்போது ஆணையரிடம் போவதே நல்லது, அங்கே யார் தப்பு என்ற கேள்வியே எழாது.

மூன்றாவதுதான் ஊழியர் இழப்பீட்டு ஆணையர். தமிழ்நாட்டில் தொழிலாளர் துறையின் இணை ஆணையர் அல்லது துணை ஆணையர் நிலையில் இருப்பவர்கள் இந்தப் பொறுப்பைப் பார்க்கிறார்கள்.

சட்டம் எது என்பதையும் இங்கேயே முடிவு செய்துகொள்ளுங்கள். 2025 நவம்பர் 21 முதல் சமூகப் பாதுகாப்புச் சட்டத் தொகுப்பு 2020 நடைமுறைக்கு வந்திருக்கிறது. விபத்து அதற்கு முன் நடந்திருந்தால் ஊழியர் இழப்பீட்டுச் சட்டம் 1923, பின் என்றால் தொகுப்பின் ஏழாவது அத்தியாயம். இழப்பீட்டுப் பொறுப்பு விபத்து நடந்த அன்றே பிறந்துவிடுவதால், மனுப் போடும் தேதியைப் பார்க்காமல் விபத்துத் தேதியைப் பாருங்கள். கணக்குப் போடும் முறை, வட்டி, அதிகாரியிடம் பணம் கட்டும் விதி எல்லாம் இரண்டிலும் ஒரே அடிப்படைதான். காரியச் செலவுக்குத் தனியாகக் கட்ட வேண்டிய தொகை மட்டும் பழையதில் குறைந்தது 5,000 ரூபாய், புதியதில் குறைந்தது 15,000 ரூபாய்.

4. முதலாளி யார் என்று கண்டுபிடியுங்கள்

"மேஸ்திரி கூப்பிட்டார், போனார்" என்பதோடு பல குடும்பங்களுக்கு விவரம் நின்றுவிடும். மேஸ்திரிக்கு மேல் சப்-காண்ட்ராக்டர், அவருக்கு மேல் காண்ட்ராக்டர், அவருக்கும் மேல் வேலை கொடுத்த நிறுவனம் என்று சங்கிலி போகும். ஒரு நிறுவனம் தன் தொழிலின் பகுதியான வேலையை ஒப்பந்தத்துக்கு விட்டிருந்தால், தன் ஆள் இறந்தால் எப்படியோ அப்படியே இழப்பீட்டுக்குப் பொறுப்பாகும். கொடுத்துவிட்டு ஒப்பந்தக்காரரிடம் வசூலித்துக்கொள்வது அவர்கள் பாடு.

அதனால் மனுவில் சங்கிலியில் உள்ள எல்லோரையும் எதிர்மனுதாரராகச் சேருங்கள். மேஸ்திரியை மட்டும் சேர்த்தால் உத்தரவு கிடைக்கும், பணம் கிடைக்காது. அவரிடம் இருப்பது ஒரு பைக்கும் ஓட்டு வீடும்தான்.

இங்கே ஒரு எச்சரிக்கை. சொந்தமாகக் குடியிருக்க வீடு கட்டுபவர், கட்டட வேலையைத் தொழிலாகச் செய்பவர் இல்லை. அப்படிப்பட்ட வீட்டில் விபத்து நடந்தால் வீட்டுக்காரர் மேல் இந்தப் பொறுப்பை ஏற்றுவது சுலபமில்லை, ஒப்பந்தத்துக்கு எடுத்தவரே முதன்மையான பொறுப்பாளி. வாடகைக்கோ விற்பனைக்கோ கட்டுபவர் கதை வேறு.

சைட் வாசலில் இருக்கும் பெயர்ப்பலகையைப் படம் எடுத்து வையுங்கள். கட்டட அனுமதி எண், கட்டும் நிறுவனம், பொறியாளர் பெயர் எல்லாம் அதில் இருக்கும். ஒரு விபத்துக்கு மறுநாள் நான் போய்ப் பார்த்தபோது பலகை இருந்த இடத்தில் இரண்டு ஆணி மட்டும்தான் இருந்தது. அன்றிலிருந்து, தகவல் வந்ததும் நான் சொல்கிற முதல் வேலை அந்தப் படம்தான்.

முதலாளி ஊழியர் இழப்பீட்டுக் காப்பீடு எடுத்திருந்தால் காப்பீட்டு நிறுவனத்தையும் சேர்க்க வேண்டும். பாலிசி எண்ணைக் கேளுங்கள். சொல்ல மறுத்தால் "காப்பீட்டு விவரம் தர முதலாளிக்கு உத்தரவிட வேண்டும்" என்று மனுவிலேயே கேட்கலாம்.

5. "வாரிசு" வேறு, "சார்ந்தோர்" வேறு

தாசில்தார் தரும் வாரிசுச் சான்றிதழில் உள்ள எல்லோருக்கும் இந்தப் பணத்தில் பங்கு உண்டு என்று நினைக்கிறார்கள். அப்படி இல்லை. மனைவி, 18 வயதுக்குக் குறைந்த மகன், மணமாகாத மகள், கணவரை இழந்த தாய், இந்த நால்வரும் தாங்கள் சார்ந்திருந்ததை நிரூபிக்கத் தேவையில்லை. தத்தெடுத்த பிள்ளைகளுக்கும் இதே விதிதான். தந்தை, தம்பி, தங்கை போன்றவர்கள் இறந்தவரின் சம்பாத்தியத்தை முழுவதுமாகவோ ஓரளவாகவோ நம்பியிருந்ததைக் காட்ட வேண்டும். இறந்தது மனைவி என்றால் கணவரும் இதைக் காட்ட வேண்டும்.

உடல்நலத்தோடு இருக்கும், 18 வயது தாண்டிய மகன் சார்ந்தோர் இல்லை. மணமாகிக் கணவரோடு வாழும் மகளும் இல்லை. இது தெரியாமல் வீட்டுக்குள் சண்டை வந்து, மூத்த மகன் தனியாக வக்கீல் வைத்து, தாயின் மனு தேங்கிப்போன வழக்கு ஒன்றை நானே பார்த்தேன். முதல் நாளே எல்லோரையும் உட்காரவைத்து இதைப் பேசிவிடுங்கள்.

இருந்தாலும் வாரிசுச் சான்றிதழை வாங்கத்தான் வேண்டும், உறவை நிரூபிக்க அது உதவும். இ-சேவை மையத்தில் விண்ணப்பிக்கலாம். வி.ஏ.ஓ. விசாரணைக்குக் கொஞ்சம் நாளாகும், அதனால் இறப்புச் சான்றிதழ் கைக்கு வந்த அன்றே விண்ணப்பித்துவிடுங்கள்.

6. சம்பளத்துக்கும் வயதுக்கும் ஆதாரம் திரட்டுங்கள்

தொகையை முடிவு செய்வது இந்த இரண்டும்தான். முதலாளி தரப்பு குறைக்கப் பார்ப்பதும் இவற்றைத்தான்.

முறையான சம்பளச் சீட்டு இருக்கும் குடும்பங்கள் குறைவு. ஆனால் ஆதாரம் வேறு வடிவில் வீட்டிலேயே கிடக்கும். வாராவாரம் சனிக்கிழமை ஜிபேயில் வந்த கூலி, வங்கிப் பாஸ்புக் வரவு, மேஸ்திரி கணக்கு எழுதிய நோட்டின் பக்கம், வாட்ஸ்அப்பில் "இந்த வாரம் ஆறு ஆள், 4,800" என்று வந்த செய்தி, பி.எஃப். பாஸ்புக், எல்லாமே ஆதாரம். இறந்தவரின் போனை யாருக்கும் கொடுக்காதீர்கள், சிம்மை நிறுத்தாதீர்கள். துக்கத்தில் அந்தப் போனைத் தம்பிக்கோ மச்சானுக்கோ கொடுத்து, அவர் எல்லாவற்றையும் அழித்துவிட்டு உபயோகிக்க ஆரம்பித்திருப்பார். இது அடிக்கடி நடக்கிறது.

பழைய சட்டத்தின் கீழ் சம்பளம் என்பதில் பணமாக மதிப்பிடக்கூடிய சலுகைகளும் சேரும். தொடர்ந்து கிடைத்த ஓவர்டைம், இலவசச் சாப்பாடு, தங்கும் இடம் எல்லாவற்றையும் எழுதிக் கேளுங்கள். பயணப்படியும், முதலாளி செலுத்தும் பி.எஃப். பங்கும் சேராது. புதிய தொகுப்பில் சம்பளத்தின் வரையறை மாறியிருப்பதால், விபத்து 2025 நவம்பர் 21-க்குப் பிந்தையது என்றால் ஒவ்வொரு இனத்தையும் தனித்தனியாக எழுதிக் காட்டுங்கள். எந்த ஆதாரமுமே இல்லாவிட்டால், அந்தத் தொழிலுக்கு அரசு அறிவித்த குறைந்தபட்ச ஊதியத்தையாவது அடிப்படையாக எடுக்கும்படி கேளுங்கள்.

வயதுக்கு ஆதாரை மட்டும் நம்பாதீர்கள். பலருடைய ஆதாரில் ஜனவரி 1 என்று குத்துமதிப்பாகப் போட்டிருக்கும். ஆதார் வயதுக்கான சான்று அல்ல என்று 2024 அக்டோபரில் ஒரு விபத்து இழப்பீட்டு வழக்கில் உச்ச நீதிமன்றம் சொல்லி, பள்ளிச் சான்றிதழை ஏற்றுக்கொண்டது. எட்டாவதோடு படிப்பை நிறுத்தியவருக்கும் பள்ளியில் பதிவேடு இருக்கும். தலைமையாசிரியரிடம் போய்க் கேளுங்கள். 44 என்று பதிவான வயது உண்மையில் 38 என்றால் அந்த ஒரு காகிதத்துக்கு மதிப்பு ஒன்றேகால் லட்சத்துக்கு மேல். எப்படி என்பது அடுத்த படியில் இருக்கிறது.

7. கணக்கை நீங்களே போடுங்கள்

மாதச் சம்பளத்தில் பாதி, பெருக்கல் வயதுக்கான காரணி. அவ்வளவுதான். காரணிகள் சட்டத்தின் அட்டவணையில் வயதுவாரியாக இருக்கின்றன. கடைசிப் பிறந்தநாளில் முடிந்த வயதை எடுக்க வேண்டும். சில காரணிகள்: 25 வயதுக்கு 216.91, 30-க்கு 207.98, 35-க்கு 197.06, 40-க்கு 184.17, 45-க்கு 169.44, 50-க்கு 153.09, 60-க்கு 117.41.

சம்பளத்துக்கு உச்சவரம்பு உண்டு. 2020 ஜனவரி 3 முதல் அது 15,000 ரூபாய். அதற்கு முன் 8,000 ரூபாய். விபத்து நடந்த அன்று எந்த வரம்பு இருந்ததோ அதுதான்.

35 வயது, மாதம் 18,000 ரூபாய் சம்பளம் என்று வைத்துக்கொள்வோம். உச்சவரம்பால் 15,000 என்றே எடுக்க வேண்டும். பாதி 7,500. அதை 197.06 ஆல் பெருக்கினால் 14,77,950 ரூபாய். முதலாளி "மாதம் 9,000 தான் கொடுத்தேன்" என்று சொல்லி அது ஏற்கப்பட்டால், 4,500 பெருக்கல் 197.06, அதாவது 8,86,770 ரூபாய். ஒரு மேஸ்திரி நோட்டு இல்லாததால் கிட்டத்தட்ட ஆறு லட்சம் போகிறது. வயது விஷயமும் இப்படித்தான். 38-க்குக் காரணி 189.56, 44-க்கு 172.52. வித்தியாசத்தை 7,500 ஆல் பெருக்கினால் 1,27,800 ரூபாய்.

விபத்து நடந்து ஒரு மாதத்துக்குள் முதலாளி பணம் கட்டாவிட்டால் ஆண்டுக்கு 12 சதவீதம் தனிவட்டி சேரும். மேலே சொன்ன 14,77,950 ரூபாய்க்கு வருடத்துக்கு 1,77,354 ரூபாய். நியாயமான காரணம் இல்லாமல் தாமதித்திருந்தால் இழப்பீட்டில் 50 சதவீதம் வரை அபராதமும் விதிக்கலாம். அந்த அபராதத்தை முதலாளிதான் தன் கையிலிருந்து கட்ட வேண்டும், காப்பீட்டு நிறுவனம் கட்டாது. மனுவில் வட்டியையும் அபராதத்தையும் தனித்தனியாகக் கேளுங்கள். கேட்காமல் விட்ட மனுக்கள் நிறைய.

8. நோட்டீஸ் அனுப்புங்கள்

சங்கிலியில் உள்ள எல்லோருக்கும் பதிவுத் தபாலில், ஒப்புகை அட்டையோடு. விபத்து நடந்த தேதி, நேரம், இடம், எப்படி நடந்தது, என்ன கேட்கிறீர்கள் என்று ஒரு பக்கம் போதும். விபத்து முதலாளியின் இடத்திலேயே நடந்திருந்தாலோ, அவருக்கு வேறு வழியில் தெரிந்திருந்தாலோ நோட்டீஸ் இல்லாத குறையால் மனு தள்ளுபடி ஆகாது. இருந்தும் அனுப்பச் சொல்வதற்குக் காரணம் அபராதம். "எனக்குத் தெரியாது, அதனால் கட்டவில்லை" என்ற சாக்கை அந்த ஒப்புகை அட்டை அடைத்துவிடும்.

அதே கடிதத்தின் நகலை ஆணையருக்கும் அனுப்புங்கள். மரண விபத்துத் தகவல் வந்தால், 30 நாளுக்குள் விளக்கம் தரும்படி ஆணையரே முதலாளிக்கு நோட்டீஸ் அனுப்பலாம். பொறுப்பை ஒப்புக்கொண்டால் பணம் கட்ட வேண்டும், மறுத்தால் காரணம் எழுத வேண்டும். அப்போது எழுதும் மறுப்பையும் பின்னால் சாட்சிக் கூண்டில் சொல்வதையும் ஒப்பிட்டால் பல பொய்கள் அங்கேயே உடையும்.

9. மனுப் போடுங்கள்

இறந்த நாளிலிருந்து 2 ஆண்டுக்குள் போட்டுவிடுங்கள். தாமதத்துக்குத் தகுந்த காரணம் இருந்தால் ஆணையர் மன்னித்து ஏற்கலாம், ஆனால் அதை நம்பி இருக்க வேண்டாம்.

எங்கே போடுவது என்பதில் சட்டம் குடும்பத்துக்குச் சாதகமாக இருக்கிறது. விபத்து நடந்த பகுதியின் ஆணையரிடமோ, நீங்கள் வசிக்கும் பகுதியின் ஆணையரிடமோ, முதலாளியின் பதிவு அலுவலகம் இருக்கும் பகுதியிலோ போடலாம். திருப்பூரில் இறந்த ஒடிசாத் தொழிலாளியின் மனைவி வாய்தாவுக்கு வாய்தா ரயில் ஏற வேண்டியதில்லை, தன் மாவட்டத்திலேயே போடலாம். பெங்களூருவிலோ மும்பையிலோ இறந்த நம் ஊர்க்காரரின் குடும்பம் இங்கேயே போடலாம்.

இணைக்க வேண்டியவை: எஃப்.ஐ.ஆர்., பிரேத பரிசோதனை அறிக்கை, இறப்புச் சான்றிதழ், வாரிசுச் சான்றிதழ், வயதுச் சான்று, சம்பள ஆதாரங்கள், மனுதாரர்களின் ஆதார், வங்கிப் பாஸ்புக் நகல், நோட்டீஸும் ஒப்புகை அட்டைகளும். மூலங்களைக் கொடுத்துவிடாதீர்கள். நகல் கொடுத்து, விசாரணையன்று மூலத்தைக் காட்டுங்கள்.

வக்கீல் கட்டாயமில்லை. பதிவு பெற்ற தொழிற்சங்கத்தின் நிர்வாகி ஆணையரின் அனுமதியோடு உங்களுக்காக வாதாடலாம். வக்கீல் வேண்டும் என்றால் மாவட்ட நீதிமன்ற வளாகத்தில் உள்ள சட்டப் பணிகள் ஆணைக்குழுவுக்குப் போங்கள். பெண்களுக்கு வருமானம் எவ்வளவு இருந்தாலும் இலவச வக்கீல் உண்டு. "வர்றதில் இத்தனை சதவீதம்" என்று பேசுபவரிடம் கோப்பைக் கொடுக்காதீர்கள்.

10. விசாரணையில் என்ன சொல்வார்கள், எப்படி எதிர்கொள்வது

"குடித்திருந்தார்", "பெல்ட் போடச் சொன்னோம், கேட்கவில்லை". இந்த இரண்டும் மரண வழக்கில் எடுபடாது. போதை, வேண்டுமென்றே விதியை மீறியது, பாதுகாப்புக் கருவியைக் கழற்றியது ஆகிய காரணங்களைக் காட்டி முதலாளி தப்பிப்பது சாதாரணக் காயங்களில்தான். மரணத்திலும் நிரந்தர முழு ஊனத்திலும் அந்த வாதத்தைச் சட்டமே எடுத்துவிட்டது. பிரேத பரிசோதனையில் மது இருந்ததாக வந்ததும் வெட்கப்பட்டு வழக்கையே கைவிட நினைத்த மனைவிகள் உண்டு. அவர்களிடம் முதலில் சொல்லவேண்டியது இதுதான்.

"எங்களிடம் வேலையே செய்யவில்லை." இதற்குத்தான் படி 2-உம் 6-உம். கூட வேலை செய்தவரில் ஒருவராவது சாட்சி சொல்ல வேண்டும். அதே காண்ட்ராக்டரிடம் இன்னும் வேலையில் இருப்பவர் தயங்குவார், அவர்மேல் கோபப்பட வேண்டாம். வேலையை விட்டுப் போனவரைத் தேடுங்கள்.

"வேலைக்கு வரும் வழியில் இறந்தார், வேலையில் இல்லை." 2025 ஜூலையில் உச்ச நீதிமன்றம், அதிகாலை ஷிப்டுக்கு மோட்டார் சைக்கிளில் போகும்போது இறந்த சர்க்கரை ஆலைக் காவலாளியின் வழக்கில், நேரம், இடம், சூழ்நிலை ஆகியவற்றுக்கும் வேலைக்கும் தொடர்பு இருந்தால் இதுவும் வேலை விபத்துதான் என்று தீர்ப்பளித்தது. புதிய தொகுப்பும் அதையே சொல்கிறது. ஷிப்ட் நேரத்துக்கான ஆதாரத்தையும் வழக்கமாகப் போகும் பாதையையும் காட்டுங்கள்.

"மாரடைப்பு இயற்கை மரணம்." இது கொஞ்சம் கடினமான இடம். வேலை நேரத்தில் இறந்தார் என்பது மட்டும் போதாது. வேலையின் சுமை அதற்குக் காரணமானது என்று காட்ட வேண்டும். தொடர்ந்து இரண்டு ஷிப்ட் பார்த்தது, கொதிகலன் பக்கத்து வெக்கை, இரவு முழுக்க லாரி ஓட்டியது என்று அந்த வாரத்தின் வேலையை நாள்வாரியாக எழுதிக் கொடுங்கள்.

11. நீங்கள் முதலாளியாக இருந்தால்

சின்னப் பட்டறை நடத்துபவர்களும் இதைப் படிப்பார்கள் என்பதால் சொல்கிறேன். கையில் ரொக்கம் கொடுத்துவிட்டுப் பிரச்சினை முடிந்தது என்று இருக்காதீர்கள். கொடுத்ததும் போய், முழு இழப்பீட்டையும் வட்டியோடு மறுபடி கட்ட நேரிடும். ஒரு மாதத்துக்குள் ஆணையரிடம் கட்டிவிட்டால் வட்டியும் இல்லை, அபராதமும் இல்லை. தொகையில் தகராறு என்றால் நீங்கள் ஒப்புக்கொள்ளும் அளவையாவது கட்டுங்கள். காப்பீட்டு நிறுவனத்துக்கு அன்றே தகவல் கொடுங்கள்.

12. உத்தரவு வந்த பிறகு

உத்தரவு வந்தும் முதலாளி கட்டாவிட்டால், வசூல் சான்றிதழ் கேட்டு ஆணையரிடம் தனியாக மனுப் போட வேண்டும். நிலவரி பாக்கி போல வருவாய்த் துறை மூலம் வசூலிக்கலாம். முதலாளியின் சொத்து விவரம், வண்டி எண், வங்கிக் கிளை எது தெரிந்தாலும் எழுதிக் கொடுங்கள். விவரமில்லாத சான்றிதழ் தாலுகா அலுவலகத்தில் தூங்கும்.

மேல்முறையீடு உயர் நீதிமன்றத்துக்கு, 60 நாளுக்குள், முக்கியமான சட்டக் கேள்வி இருந்தால் மட்டும். முதலாளி போவதென்றால் உத்தரவுத் தொகையை ஆணையரிடம் கட்டிய சான்றை இணைத்தாக வேண்டும். "அப்பீல் போய்விடுவேன்" என்ற மிரட்டலுக்குப் பயந்து பாதித் தொகைக்குச் சமரசம் செய்துகொள்ளாதீர்கள்.

13. இதோடு சேர்த்துக் கேட்க வேண்டியவை

பி.எஃப். பிடித்தம் இருந்தால், அதோடு சேர்ந்த வைப்புத்தொகைக் காப்பீட்டில் விதிகளுக்கு உட்பட்டு 2.5 லட்சம் முதல் 7 லட்சம் ரூபாய் வரை வரும். இறப்பின் காரணம் எதுவானாலும் இது உண்டு. மனைவிக்கும் பிள்ளைகளுக்கும் பி.எஃப். ஓய்வூதியமும் தனி. கட்டடத் தொழிலாளி என்றால் நல வாரியத்தின் விபத்து மரண உதவிக்கும் விண்ணப்பியுங்கள். முதலாளி கொடுக்க வேண்டியதற்கு இவை எதுவும் ஈடல்ல, இவற்றைக் காட்டிக் கழிக்கவும் முடியாது.

கழிவுநீர்க் குழாயிலோ மலக்குழியிலோ இறங்கி இறந்தவர் என்றால், 2023 அக்டோபரில் உச்ச நீதிமன்றம் நிர்ணயித்த 30 லட்சம் ரூபாய்க்கு மாவட்ட ஆட்சியரிடம் தனியாக மனுக் கொடுங்கள்.

14. பணம் பிரியும் நாள்

யாருக்கு எவ்வளவு என்று ஆணையர்தான் பிரிப்பார். சிறுவர்களின் பங்கு பெரும்பாலும் வயது வரும்வரை வங்கியில் வைப்பாகப் போடப்படும். படிப்புக்கோ மருத்துவத்துக்கோ நடுவில் தேவைப்பட்டால் ஆணையரிடம் மனுக் கொடுத்துக் கேட்கலாம், பள்ளிக் கட்டண ரசீதை இணையுங்கள். வைப்பு ரசீதின் நகலை வாங்கி வையுங்கள். வீடு மாறினால் வங்கியிலும் ஆணையர் அலுவலகத்திலும் முகவரியை மாற்றுங்கள். பத்து வருடம் கழித்து, வழக்கு எண்ணும் தெரியாமல் எந்த வங்கிக் கிளை என்றும் தெரியாமல் பையன் வந்து நிற்கிறான். அந்த எண்ணை வீட்டில் ரேஷன் கார்டோடு சேர்த்து எழுதி வையுங்கள்.